வாழையடிப் பொட்டலம்

வாழைக்கன்று நடக் குழி தோண்டிய ஜெயலக்ஷ்மியின் மண்வெட்டியில் முதலில் சிக்கியது முடி.

நீள நீளமாய்ப் பெண்பிள்ளை முடி. இழுத்தாள். கூடவே ஒரு துணிப் பொட்டலம் வந்தது. உள்ளே கறுத்துப்போன இலைச்சக்கை. துணியெல்லாம் ரத்தக் கறை.

"பத்மநாபா, பெருமாளே!" என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டாள்.

மழை மூட்டம். சாயங்காலம் ஆவதற்குள்ளேயே கொல்லைப்புறம் இருட்டிக் கிடந்தது. பக்கத்து மண்ணைக் கிளறினாள். இன்னொரு பொட்டலம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, இன்னும் ஈரம் காயாமல்.

கூடோத்ரம்! ஒரு ஆளை ஒழித்துக்கட்ட முடியையும் ரத்தத்தையும் முடிந்து, அவர்கள் வீட்டு மண்ணிலேயே புதைப்பார்களே, அதேதான். சந்தேகமே இல்லை.

துணி, மாட்டுப்பெண் மாளவிகாவின் பழைய காட்டன் புடவை. முடியும் அவளுடையதே.

இப்போதல்லவா புரிகிறது! அந்தப் பெண் கொஞ்ச நாளாகவே சரியில்லை. கூப்பிட்டால் திடுக்கிடுகிறாள். சாதத்தைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். வீட்டுக்குள்ளேயே முக்காடு. கேட்டால், "தலைவலிம்மா." விளக்கு வைத்த பிறகு மாடியில் தடால் தடாலென்று சத்தம் வேறு. "எனக்கும் கேக்கறதும்மா, என்னன்னே தெரியலை" என்கிறான் பிள்ளை வினய்.

ஆபீஸில் இருந்த அவனுக்கே போன் போட்டாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனேம்மா. பின்போர்ஷன் சரசம்மா வேலைதான். மலைப்பக்கத்துக்காரி. இன்னிக்கே காலி பண்ணச் சொல்லு" என்று வைத்துவிட்டான்.

சரசம்மா வித்துரா மலையடிவாரத்திலிருந்து வந்து குடியிருப்பவள். ஒண்டிக்கட்டை. வேறு போக்கிடம் கிடையாது. பாவம்தான். ஆனால் மாளவிகாவின் உயிரல்லவா பெரிது!

பொட்டலத்தைக் கொண்டுபோய்ச் சரசம்மாவின் வாசற்படியில் விட்டெறிந்தாள்.

"இது என்னடீ?"

அம்மியில் இலை அரைத்துக்கொண்டிருந்த சரசம்மா நிமிர்ந்தாள். கையெல்லாம் கரும்பச்சைச் சாறு. பொட்டலத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"சொல்லு! எங்காத்துப் பொண்ணோட முடி உன் கைக்கு எப்படி வந்தது? நீதானே வச்சே?"

சரசம்மா மாடி ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். திரைக்குப் பின்னால் யாரோ அசையாமல் நிற்பது தெரிந்தது.

"ஆமா மாமி. ஞான்தான் வச்சேன்."

ஜெயலக்ஷ்மி ஓரடி பின்வாங்கினாள். ஒப்புக்காவது மறுப்பாள் என்றல்லவா நினைத்தாள்!

"அடிப்பாவி! வாயில்லாப் பூச்சி அது. உன்னை என்ன பண்ணித்து? இந்த நிமிஷமே கிளம்பு!"

"போறேன் மாமி. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இருந்துக்கறேன். இந்த இலையை அரைச்சு வச்சாச்சு, இதை மட்டும்..."

"இதையும் வச்சு அவளைக் கொன்னுட்டுப் போகலாம்னு பாக்கறியா?"

அரைத்து வைத்திருந்ததைக் காலால் எத்தப் போனாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பற்றியது. ஜில்லென்று குளிர்ந்த கை.

மாளவிகா. முக்காட்டை எடுத்திருந்தாள். உச்சந்தலையில், முடிக்கு நடுவே, வாய் பிளந்த காயம்.

"கூடோத்ரம் இல்லேம்மா. முறிகூட்டி இலை. காயம் ஆறறதுக்கு. உங்க பிள்ளை என் தலையைப் பிடிச்சுச் சுவத்துல மோதறப்போல்லாம், சரசம்மா சேச்சிதான் அரைச்சு வச்சுக் கட்டிவிடறா. யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கிண்டேன்."

எத்தப் போன காலை ஜெயலக்ஷ்மி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"முடியும் ரத்தமுமா ஒட்டிண்ட கட்டை அவிழ்த்துப் புதைச்சதும் நான்தாம்மா. என் பிள்ளை தங்கம், தங்கம்னு தெருவெல்லாம் சொல்லிண்டிருக்கேளே... உங்க மனசு உடைஞ்சுடக் கூடாதேன்னு."