எல்போ பிடித்த மூச்சு

"வந்துட்டாங்க! வந்துட்டாங்க!" என்று புது நகரின் தெருக்குழாய் துள்ளியது. வீடுகளைக் கட்டிய பில்டர் பதித்த அந்தக் குழாயைக் குடிநீர் வாரியம் சோதித்துப் பார்த்து, தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும் நாள் அது.

தெருமுனை வளைவில் இரு குழாய்த் துண்டுகளை இணைத்திருந்த எல்போ மட்டும் முனகியது. "அண்ணே, மண்ணைத் துடைக்காமலே எனக்குப் பசை தடவிட்டாங்க. லேசா கசியுது. சொல்லிடலாமா?"

"வாயைத் திறந்தே, தொலைச்சிருவேன்! சோதனை முடியுற வரைக்கும் மூச்சைப் பிடி. கையெழுத்து விழுந்துட்டா அது வாரியத்தோட தலைவலி!"

தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றினார்கள். எல்போ பல்லைக் கடித்துக்கொண்டது. அழுத்தமானியின் முள் இறங்கவே இல்லை. கையெழுத்தும் விழுந்தது.

ஊர்க் குழாயோடு இணைத்ததும் தண்ணீர் திமுதிமுவென்று பாய்ந்து வந்தது. "இனிமே நான் வாரியக் குழாய்! வாரியக் குழாய்!" என்று தெருக்குழாய் கூவிக்கொண்டே இருந்தது.

எல்போவால் அதற்குமேல் முடியவில்லை. அப்பாடா என்று மூச்சை விட்டது. தெருவெல்லாம் வெள்ளம்.

"ஐயையோ, தண்ணியெல்லாம் போகுதே! வாரியத்தைக் கூப்பிடுடா, சீக்கிரம்!" என்று அலறியது தெருக்குழாய்.

எல்போ விழித்தது. "வாரியம் இப்போ நாமதானேண்ணே?"