துடைச்சிட்டு மூடு

"மெனுவுல இன்னொண்ணு வேணும்ணே. 'துடைச்சிட்டு மூடு'னு," என்றாள் ரோகிணி.

ராம்கி நிமிர்ந்து பார்த்தான்.

ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மனு டைப் அடித்துத் தரும் கடை அது. ரோகிணிதான் அங்கே டைப்பிஸ்ட். கடைக்கென்றே தமிழில் டைப் அடிக்க ஒரு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தான் ராம்கி.

"கரண்டு போயிட்டு வந்தா, அடிச்ச மனு எல்லாம் விட்ட இடத்துலயே தானா திறக்கும்மா. அம்புட்டும் பத்திரம். அதப் போயி எதுக்குத் துடைக்கணும்?"

"அடுத்து வந்து உக்கார்றவங்க கண்ணுல படும்லண்ணே..."

சொல்லிக்கொண்டே டீ வாங்கப் போய்விட்டாள்.

முதலாளி சிக்கந்தர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"கள்ளத்தனம் மாப்ள. வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்குப் போற நேரம் பாத்து என்னமோ அடிக்கிறா. திரும்பி வந்து தொட்டா பிரிண்டர் சுடுது, ஸ்கிரீன் மட்டும் வெறிச்சுனு கெடக்கு. வெளி வேலை பாக்குறா."

"நேரா கேட்டுற வேண்டியதுதான பாய்?"

"கேட்டா அழுவா. நெஞ்சு ஆபரேஷனுக்கு அப்பறம் சத்தம் போட எனக்கும் தெம்பு இல்ல. எம்மக நுஸைபாவும் இவ வயசுதான். வில்லாபுரத்துல கட்டிக் குடுத்தேன், எம்புட்டு மரியாதையா குடும்பம் நடத்துறா! இதுவும் இருக்கே..."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"அவ கேட்டத வச்சுக் குடு. ஆனா துடைச்சாலும் உள்ளுக்குள்ள ஒரு காப்பி நிக்கட்டும். கையும் களவுமா பிடிச்சு, அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்புறேன்."

ராம்கிக்கு அது பத்து நிமிஷ வேலை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சிக்கந்தர் வேக வேகமாக வந்தார். ரோகிணி பால்வாடிக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போயிருந்தாள். ராம்கி அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தான்.

"திற மாப்ள. சட்டுனு வாசி. கண்ணாடிய பள்ளிவாசல்லயே வச்சிட்டு வந்துட்டேன்."

ஒளித்து வைத்த காப்பியை ராம்கி திறந்தான். ஒரே ஒரு மனு. சத்தமாக வாசிக்கும் முன் அதில் கண்ணை ஓட்டினான்.

"என்ன மாப்ள, ஊமையாயிட்ட?"

"ஒண்ணுமில்ல பாய். திருவாதவூர்லருந்து ஒரு அம்மா. முதியோர் பென்ஷன் மனு."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். வெளி வேலையெல்லாம் இல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குக் காசு வாங்காம அடிச்சுக் குடுத்திருக்கு அந்தப் புள்ள."

"சே! பாவம், தப்பா நெனச்சிட்டேனே." சிக்கந்தர் நெஞ்சைத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

ஸ்கிரீனில் மனு அப்படியே இருந்தது.

'மகளிர் காவல் நிலைய ஆய்வாளர் அவர்களுக்கு. நான் ஒத்தக்கடை சிக்கந்தரின் மகள் நுஸைபா. என் கணவர் தினமும் என்னை அடிக்கிறார். இது நான் தரும் மூன்றாவது மனு. நெஞ்சு ஆபரேஷன் ஆன என் அத்தாவுக்குத் தெரியாமல் விசாரிக்க வேண்டுகிறேன்.'

ராம்கி மெனுவுக்குப் போய் 'துடைச்சிட்டு மூடு'வை அழுத்தினான். இந்தத் தடவை உள்ளே காப்பி எதுவும் நிற்காமல்.