ஊற்றுத் தண்ணீர்

"அடிப்பாவி! என்னம்மா பண்றே?"

மருமகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். மாமனார் தூக்கி வந்த கேனைத்தான், தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மிஷினின் மூடியைத் திறந்து கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவருக்கு மூச்சு வாங்கியது. மலையடிவார ஊற்றில் முண்டியடித்துப் பிடித்த தண்ணீர். "கேனுக்கும் டிக்கெட் எடு பெரியவரே" என்று கண்டக்டர் கிண்டலடித்ததையெல்லாம் பொறுத்துக்கொண்டு, பஸ் மாறி வந்து, மகன் வீட்டு மாடிப்படி ஏறியாயிற்று. லாரி ஓட்டித் தேய்ந்த இடுப்பு விண் விண்ணென்று தெறித்தது.

"அந்த மிஷினு தண்ணியில இருக்கிற உப்பு, சத்து எல்லாத்தையும் எடுத்துடும்மா! அதுதானே எம்புள்ள வயித்துக் கிருமியைக் கொல்லணும்? நான் எதுக்கு நாயா அலையறேன்?"

"மாமா... அது வந்து..."

"மாத்திரைக்கு அடங்காத கிருமி. 'இந்த மாதிரி தண்ணியை வச்சு ஆராய்ச்சி நடக்குது, குடிச்சுத்தான் பாக்கட்டுமே'ன்னு டாக்டரே சொன்னாரு. எம்புள்ள ஏன் துரும்பா இளைச்சான்னு இப்பல்ல புரியுது!"

அவள் மிஷின் மூடியை எடுத்து மூடினாள்.

"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

கேனைப் பிடுங்கினார். மிச்சமிருந்ததை டம்ளரில் ஊற்றிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். மகன் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தான்.

"எழுந்திரு கண்ணு. அப்பா கையால ஒரு வாய் குடி."

மகன் அப்பாவின் முகத்தையே பார்த்தான். மறுக்கவில்லை. டம்ளரை வாங்கி உதடு வரைக்கும் கொண்டுபோனான்.

மருமகள் பாய்ந்து வந்து தட்டிவிட்டாள். டம்ளர் உருண்டது.

"கொலைகாரி!" பெரியவர் கையை ஓங்கிவிட்டார்.

"அப்பா, அவளை விடுங்க." மகனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "கிருமி கதையெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. இப்ப வயித்துல இருக்கிறது கட்டி. கிட்னியும் கைவிட்டுடுச்சு. அந்தத் தண்ணியில இருக்கிற உப்பு துளிகூட ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில கண்டிச்சு சொல்லிட்டாங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பெரியவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லலை?"

"எப்படிப்பா சொல்றது? அந்தக் கேனைத் தூக்கிட்டு வர்ற தெம்புலதானே நீங்க நடமாடுறீங்க."

மருமகள் துணி எடுத்து வந்து, அவரைச் சுற்றியிருந்த தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா..." பெரியவர் அவளைப் பார்த்தார். "ஆகாதுன்னா சாக்கடையில கொட்டிட்டு, குழாத்தண்ணியைக் குடுத்திருக்கலாமே. எனக்கா தெரியப்போகுது?"

அவள் தலை நிமிராமல் சொன்னாள்:

"'நான் கொண்டாந்த தண்ணியைக் குடிச்சானா'ன்னு தினமும் போன்ல ஆசை ஆசையா கேப்பீங்களே மாமா... அதுல பொய் சொல்ல எனக்கு வாய் வரலை."