காணாமல்போன சுரப்பி

குழந்தை நறுமுகையின் கழுத்தில் தைராய்டு சுரப்பியே இல்லை என்று கண்டுபிடித்த, பால்வாடி வாசலில் பிள்ளைகளின் உடம்பை ஸ்கேன் செய்யும் சோதனைக் கம்பம், ‘உறுப்புத் திருட்டு’ என்று தானாகவே போலீசில் புகார் கொடுத்துவிட்டது. சாயங்காலமே ஏட்டம்மா மரியசெல்வி வீட்டுக்கு வந்துவிட்டார்.

“யாருக்கும்மா வித்தீங்க?”

“விக்கல மேடம்,” என்றாள் தாய் பொற்கொடி. “பொறக்கும்போதே அது இடம் மாறி அடிநாக்குல உக்காந்திருக்கு. சரியா சுரக்காது. அதான் தினமும் காலைல மாத்திரை குடுக்கறோம்.”

“அதை இந்த மெஷின் சொல்லட்டும்.” ஏட்டம்மா கைக்கருவியை நீட்டினார். “பாப்பா, நாக்க நீட்டு.”

“மாட்டேன். பெரியவங்களுக்கு நாக்கக் காட்டினா மிளகாப்பொடி தடவுவேன்னு அம்மா சொல்லியிருக்கு.” சொல்லிவிட்டு நறுமுகை வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“நீட்டுடி தங்கம்! இல்லேன்னா அம்மாவைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க.”

அசையவில்லை. சாக்லேட்டும் எடுபடவில்லை. பொற்கொடிக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஏட்டம்மா தொப்பியைக் கழற்றினார். ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தன் நாக்கை முழுசாக நீட்டிப் பழிப்புக் காட்டினார்.

நறுமுகையால் அதைப் பொறுக்க முடியவில்லை. பதிலுக்கு அவளும் நீட்டினாள்.

“களவுபோன பொருள் மீட்கப்பட்டது,” என்றது கருவி.

ஏட்டம்மா பெருமூச்சு விட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார். அதற்குள் நறுமுகை சமையலறைக்கு ஓடி மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்துவந்து, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, ஏட்டம்மாவைக் கைகாட்டினாள்.