மூன்றாவது தகட்டின் குளவி

உச்சி வெயிலில் மொட்டைமாடி தகிக்கிறது. காலையில் வந்து இறங்கிய ஆறு சோலார் தகடுகளும் கண்ணைக் கூசவைத்தபடி வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. தையல்காரம்மாவின் கையில் மானியப் படிவம். மூடி திறந்த பேனா விரலிடுக்கில் காய்கிறது. புதுத் தகடு என்று கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும், பாதி விலையை அரசாங்கமே கொடுத்துவிடும். போட்டோ எடுக்கத்தான் அதிகாரி போனும் கையுமாக வந்திருக்கிறார். ஆனால் அவளுடையது ஊசியில் நூல் கோக்கிற கண். மூன்றாவது தகட்டின் அடிச்சட்டத்தில், காய்ந்து வெளுத்த மண்ணாக ஒரு குளவிக்கூடு ஒட்டியிருப்பதை அது பிடித்துவிடுகிறது. “எல்லாம் புதுசுதானே தம்பி?” என்கிறாள், தகடுகளைக் கொண்டுவந்து மாட்டிய காண்ட்ராக்டரிடம். “பெட்டியப் பிரிச்சு நேரா இங்கதாம்மா ஏத்தினேன்.” “அப்ப இந்தக் குளவி பெட்டிக்குள்ளயே வீடு கட்டிக் குடியிருந்துச்சா?” காண்ட்ராக்டரின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. அவள் அதிகாரியைப் பார்க்கிறாள். அரசாங்கத்து ஆள், நாலு கேள்வி கேட்காமலா போய்விடுவார்? அவரோ போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அன்றுதான் கண்டதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறார். காண்ட்ராக்டர் பின்பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவிக் கூட்டைச் சுரண்டுகிறான். மண் பொலபொலவென்று உதிர்கிறது. வாயால் ஊதி, கைக்குட்டையால் துடைத்துவிட்டு நிமிர்கிறான். அதிகாரி அப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பிப் போனை உயர்த்துகிறார். “இப்ப சரியா இருக்கு. கொஞ்சம் சிரிங்கம்மா.”