கோழிக்காலில் ஒரு குறை

கொட்டாஞ்சேனைப் பஜனை முடிந்து வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குத் திரும்பிய நமசிவாயம் வாசலிலேயே மனைவிக்குச் சொல்லிவிட்டார்.

"நாகேஸ், எனக்கு இரவுச் சாப்பாடு வேண்டாம். பிரசாதமே வயிறு முட்டப் போச்சு."

அடுத்த நிமிடம் கத்தினார். மகள் மேனுகாவின் மேசையில் பெரிதாக ஒரு கோழி எலும்புக்கூட்டுப் படம் கிடந்தது.

"சைவ வீட்டுக்குள்ளை என்ன கண்டறியாத வேலை இது?"

"மிருக வைத்தியம் படிக்கிற ஆக்களின்ர புத்தகத்துக்கு அப்பா. இப்பிடிப் படம் கீறப் பழகத்தானே நான் கோர்ஸுக்குப் போறன்."

"எலும்பை வீட்டுக்குக் கொண்டு வந்தனியோ?"

"ஐயோ, இல்லை. எல்லாம் கம்பியூட்டரிலை பாத்துக் கீறினது."

"என்ர வாசலைத் தாண்டி ஒரு முட்டைகூட உள்ளை வந்ததில்லை. உந்தக் கோர்ஸை இண்டையோட நிப்பாட்டு!"

மேனுகாவுக்கும் ரோசம் வந்துவிட்டது.

"சரி, படத்திலை ஒரு பிழை காட்டுங்கோ. நிப்பாட்டுறன்."

நமசிவாயம் விடுவாரா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தலையிலிருந்து மெதுவாக இறங்கிய அவரின் விரல், காலில் வந்து நின்றது.

"இந்தா! பெரிய எலும்போட ஒட்டினபடி ஊசி மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்குமெல்லே? அது எங்கை? கவனமில்லாமல் கடிச்சால் தொண்டையிலை குத்திப்போடும்!"

மேனுகா வாயைத் திறந்தபடி அப்பாவைப் பார்த்தாள்.

சமையலறையிலிருந்து நாகேஸ்வரி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இஞ்சருங்கோ, இண்டைக்குப் பஜனையிலை என்ன பிரசாதம்?"