அரைச் சவரமும் ஒரு குறுக்கெழுத்தும்

“தலையை ஆட்டாதீங்க சார், கன்னம் கிழிஞ்சிடும்!”

சலூன்காரர் அதட்டினார். நாற்காலியில் இருந்த முழுக்கைச் சட்டைக்காரர் அதைக் காதில் வாங்கினால்தானே! ஒரு கன்னத்தில் நுரை, மடியில் பத்திரிகை, கையில் பென்சில்.

“கன்னம் கிழிஞ்சாப் பரவாயில்ல அண்ணே, வேலை போகாம இருந்தாச் சரி. இன்னும் மூணுதான் பாக்கி. யாராவது சொல்லுங்களேன்.”

காலையில் கடை திறக்கும்போதே வந்துவிட்ட மனிதர். தன் முறை வரும்போதெல்லாம் “நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க” என்று மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, முடி வெட்ட வந்த ஒவ்வொருவரிடமும் குறுக்கெழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் மட்டும் இதுவரை ஒன்றுகூடச் சொன்னபாடில்லை.

பெஞ்சில் காத்திருந்த பஸ் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. “குறுக்கெழுத்துக்கும் வேலைக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“எங்க ஆபீஸ் பெரியவர் கறாராச் சொல்லிட்டார். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது முடிஞ்சாகணும். இல்லைன்னா நாளையிலேர்ந்து நான் வர வேண்டாமாம். வீட்ல சம்சாரத்துக்குக்கூட இன்னும் சொல்லலை.”

“ஓ, அவருக்குத் தெரியலைன்னா உங்க தலையில கட்டுறாரா? எல்லா ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தன் உட்கார்ந்திருக்கான் சார்!” டிரைவர் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். “படிங்க, பார்த்துடுவோம் ஒரு கை.”

“வெளியே போனால் கூடவே வரும், வீடு திரும்பினால் வாசலோடு நிற்கும். நாலெழுத்து.”

“என் மச்சான்” என்றார் டிரைவர். “ஆனா அவன் எங்க வாசலோட நிக்கிறான்? நேரா சாப்பாட்டுக்கு உட்கார்ந்துடுவான்.”

“நாய்?” என்றார் சலூன்காரர்.

“அது ரெண்டெழுத்துல்ல அண்ணே…”

டிரைவர் யோசனையில் காலை ஆட்டினார். செருப்பு கழன்று விழுந்தது. அதையே வெறித்துப் பார்த்தவர் துள்ளி எழுந்தார். “செருப்பு! சார், செருப்பு!”

முழுக்கைச் சட்டைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். நுரை டிரைவர் சட்டையில் தெறித்தது.

பக்கத்துக் கடைத் தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். “என்னய்யா கூச்சல்? மெஷின் சத்தமே எனக்குக் கேக்கலை.”

“வாங்கம்மா, ஒரு குடும்பத்தைக் காப்பாத்துங்க. காது உண்டு, கேட்காது. ரெண்டெழுத்து.”

“எங்க வீட்டுக்காரர்” என்றார் அம்மாள், யோசிக்காமலே. கடையே சிரித்தது. சிரித்து ஓய்வதற்குள், “ஊசிய்யா! நாள் முழுக்க அது காதுலதானே நான் நூல் கோக்கறேன்” என்று அடுத்ததையும் முடித்துவிட்டார்.

இனி ஒன்றே ஒன்று. அதுதான் எல்லோர் உயிரையும் வாங்கியது.

“எல்லோரையும் காட்டும், யாரையும் வைத்துக்கொள்ளாது. நாலெழுத்து. கடைசி எழுத்து ‘டி’.”

“கில்லாடி!” என்றார் டிரைவர்.

“அவன் எங்கேய்யா காட்டறான், மறைக்கத்தானே பார்ப்பான்” என்றார் அம்மாள்.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். மின்விசிறியைப் பார்த்தார்கள். முழுக்கைச் சட்டைக்காரர் என்னவோ சொல்ல வாயைத் திறந்து, உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் கட்டி நின்றது. பார்க்கவே பாவமாக இருந்தது.

சலூன்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. “உங்களையும்தான் கேக்கறேன் சார், காலையிலேர்ந்து ஒரு வார்த்தையாவது நீங்களாச் சொன்னீங்களா? மண்டைக்குள்ள என்னதான் வச்சிருக்கீங்க? சரி, உங்களைச் சொல்லி என்ன? இதைப் போடறான் பாருங்க, அந்த மகராசன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!”

கத்தியை வீசிப் பேசியதில் நுரை பறந்து எதிரே போய் அப்பியது. திட்டிக்கொண்டே துணியை எடுத்துத் துடைக்கப் போனவர், துடைத்த இடத்தில் தன் முகமே தன்னை முறைப்பதைப் பார்த்தார். கை நின்றது.

“அடச்சே! காலையில வந்த அத்தனை பேரையும் காட்டிச்சு. ஒருத்தனையாவது வச்சுக்கிச்சா?” சலூன்காரர் திரும்பிக் கர்ஜித்தார். “கண்ணாடி!”

டிரைவர் விசில் அடித்தார். தையல்காரம்மா கை தட்டினார். பென்சிலைப் பிடுங்கிக் கடைசிக் கட்டத்தைத் தானே நிரப்பினார் சலூன்காரர். பத்தாவதோடு படிப்பை விட்ட பிறகு அவர் இவ்வளவு பெருமையாக எதையும் எழுதியதில்லை.

முழுக்கைச் சட்டைக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிக் கும்பிட்டார். பத்திரிகையை நெஞ்சோடு அணைத்தபடி, போர்த்தியிருந்த துணியோடு வெளியே பாய்ந்தார்.

“சார், இன்னொரு கன்னம்!” சலூன்காரர் கத்தினார்.

நடைபாதையில் நின்று, நுரை வழிய, போனில் அவர் அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தார்.

“ஐயா, முடிச்சுட்டாங்க! ஒரு கட்டம் பாக்கியில்லாம முடிச்சுட்டாங்க! டிரைவர், தையல்காரம்மா, சலூன்காரர்னு எல்லாம் சாதாரண ஜனங்க. நான் ஒரு எழுத்துகூடச் சொல்லிக் குடுக்கலை, சத்தியமா! ‘நீ போடற குறுக்கெழுத்தை எவனாலயும் முடிக்க முடியலை, நிறுத்திடறேன்’னு சொன்னீங்களே… நாளைக்குப் போட்டு வச்சிருக்கறதை அச்சுக்கு அனுப்பட்டுமா?”